பார்கின்சன் உள்ள அப்பாவுக்கு என்ன வாங்கலாம்? முதலில் ஒரு நோட்டு, அப்புறம் ஓர் அலாரம்

கேள்வி இதுதான்: அப்பாவுக்கு 68 வயது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இரண்டு வருடமாகப் பார்கின்சன். காலையில் சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் ஆகிறது, அறை வாசலைத் தாண்டும்போது கால் அப்படியே நின்றுவிடுகிறது, காபி சட்டையில் கொட்டுகிறது. கை நடுக்கத்தைத் தானே சமன் செய்யும் எலக்ட்ரானிக் ஸ்பூன் ஒன்றை ஆன்லைனில் பார்த்தோம், நல்ல விலை. வாங்கலாமா, வேறு என்னென்ன வாங்க வேண்டும்?

நான் பிசியோதெரபிஸ்ட். மதுரையில் பதினெட்டு வருடமாக வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன், அதில் பாதிப் பேர் பார்கின்சன் உள்ளவர்கள். ஸ்பூனை இப்போதைக்கு விடுங்கள். பார்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் அதிகம். கை ஒரு வேலையில் இறங்கியதும் குறையும். சிலருக்கு மட்டும் டம்ளரைத் தூக்கிப் பிடித்த சில நொடியில் திரும்ப ஆரம்பிக்கும். அந்த மாதிரி ஸ்பூன்கள் அதிகம் உதவுவது வேறொரு வகை நடுக்கத்துக்கு, அதாவது எதையாவது செய்யும்போது மட்டும் வரும் நடுக்கத்துக்கு. உங்கள் அப்பாவைத் தாமதப்படுத்துவது நடுக்கத்தைவிட மந்தமும் விறைப்பும் என்றுதான் நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. அதற்கு ஸ்பூன் மருந்தல்ல.

முதலில் வாங்க வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு வாரம் எழுதுங்கள்: மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, எப்போது நன்றாக நடந்தார், எப்போது கட்டை போல ஆனார். இவ்வளவுதான். இந்த ஒரு வாரக் கணக்கைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வீட்டில் 'நோய் முற்றிவிட்டது' என்று நினைக்கிற பல விஷயம் உண்மையில் நேரம் தவறிய மாத்திரை.

ஓர் அம்மாவின் கதை சொல்கிறேன். 72 வயது. காலை எட்டு மணிக்கு நாற்காலியை விட்டு எழவே முடியாது, மருமகள்தான் தூக்கிவிடுவார். நோட்டைப் பார்த்தால், முதல் மாத்திரை எட்டரைக்கு, இட்லி சாம்பார் சாப்பிட்ட கையோடு, பாலில் போட்டு விழுங்குவது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அதை ஏழு மணிக்கு வெறும் தண்ணீரில் என்று மாற்றினோம். ஏழே முக்காலுக்கு அந்த அம்மா தானே எழுந்து பல் தேய்க்கப் போனார். மாத்திரை அதே மாத்திரை, அளவும் அதே அளவு.

காரணம் எளிது. பார்கின்சனில் மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. நாம் கொடுக்கும் லெவோடோபா மூளைக்குப் போய் டோபமினாக மாறுகிறது. சின்டோபா என்று கடையில் வாங்குகிறோமே, அதில் இருப்பது இதுவும், இதை வழியில் வீணாகாமல் காக்கும் கார்பிடோபாவும்தான். லெவோடோபா ஓர் அமினோ அமிலம். புரதம் செரித்து வரும் மற்ற அமினோ அமிலங்களும் குடலிலும் மூளை வாசலிலும் இதே கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். இட்லியில் உளுந்து, சாம்பாரில் துவரம்பருப்பு, மேலே ஒரு டம்ளர் பால் என்றால் கதவில் கூட்டம், மாத்திரை வரிசையில் நிற்கிறது. அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, முடிந்தால் ஒரு மணி நேரம் முன்பு. மறந்துவிட்டால் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபின். ஆரம்பத்தில் குமட்டினால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ கூடச் சேர்த்துக்கொள்ளலாம், அதில் புரதம் சொற்பம். இரும்புச் சத்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை இடித்துப் பொடித்துக் கொடுக்காதீர்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு 'அப்படியானால் பருப்பே வேண்டாம்' என்று நிறுத்திவிடவும் கூடாது. இந்த நோயில் எடை தானாகவே குறையும், தசையும் கரையும். வேண்டியது நேர மாற்றம் மட்டும்.

மலச்சிக்கலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அது தனிப் பிரச்சினை மாதிரி இருக்கும், ஆனால் வயிறும் குடலும் மந்தமானால் மாத்திரை வேலை செய்யும் இடத்துக்குப் போய்ச் சேரவே நேரமாகும். தண்ணீர், கீரை, பழம், நடை. இதில் எதுவும் சரிவராவிட்டால் கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, அலாரம். போனில் ஒவ்வொரு வேளைக்கும் ஓர் அலாரம், இரண்டு பேர் போனில். நேரப்படி தட்டு பிரித்த மாத்திரை டப்பா பெரிய மெடிக்கல் கடைகளில் கிடைக்கும். வெளியே கிளம்பும்போது ஒரு வேளை மாத்திரை சட்டைப் பையில் இருக்க வேண்டும், கையில் தண்ணீர் பாட்டில். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதும், கோயில் வரிசையிலும்தான் பெரும்பாலும் ஒரு வேளை தப்பிப்போகிறது. நல்ல நேரம் எது என்று நோட்டு காட்டிக்கொடுத்துவிடும். குளியல், ஷேவிங், வங்கி வேலை, நடை எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு நகர்த்துங்கள். பொத்தானும் அப்படித்தான். ஆறரை மணிக்குப் போட முடியாத பொத்தானை எட்டு மணிக்கு அவரே போட்டுவிடக்கூடும்.

ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் இந்த விஷயம் இன்னும் முக்கியம். என்னிடம் பயிற்சி எடுத்த ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே வார்டு வழக்கப்படி காலை, மதியம், இரவு என்று மூன்று வேளைதான் மாத்திரை. அவருக்கோ வீட்டில் ஐந்து வேளை. இரண்டாம் நாள் வாய் திறக்க முடியவில்லை, வீட்டார் பக்கவாதம் என்று பயந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் பார்கின்சன்ஸ் யுகே என்ற அமைப்பு 'மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள்' என்று ஆஸ்பத்திரிகளிடம் பல வருடமாக இதற்கென்றே இயக்கம் நடத்துகிறது. இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே சொந்த மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள், நேர அட்டவணையைக் கட்டிலிலேயே ஒட்டுங்கள்.

அதே தாளில் இன்னொன்றும் எழுதுங்கள். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னாரிசின், ஃபுளூனாரிசின், மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால். இவை டோபமினைத் தடுக்கும், பார்கின்சனை மோசமாக்கும். தெருமுனைக் கடையில் 'தலை சுத்துது' என்று சொல்லி வாங்கிச் சாப்பிட்டே நடை கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தப் புது டாக்டரிடம் போனாலும் இந்தத் தாளை முதலில் நீட்டுங்கள்.

அப்புறம் அந்த வாசல். கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும், மேல் உடம்பு மட்டும் முன்னால் போகும், விழுவார்கள். வாசல்படி, குறுகலான இடம், திரும்பும் இடம், லிஃப்ட் கதவு எல்லாம் இதற்குப் பேர்போனவை. ஒரு வீட்டில் பேரன் தாத்தாவின் கையைப் பிடித்து 'நடங்க தாத்தா, நடங்க' என்று இழுத்துக்கொண்டிருந்தான். பாசம்தான். ஆனால் இழுத்தாலும் அவசரப்படுத்தினாலும் பூட்டு இன்னும் இறுகும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. முழுதாக நிற்கச் சொல்லுங்கள். ஒரு மூச்சு. இரண்டு காலுக்கும் மாறி மாறி எடையைச் சாய்த்து, ஊஞ்சல் மாதிரி இடவலமாக இரண்டு தடவை ஆடட்டும். பிறகு 'ஒன்று, இரண்டு, மூன்று' எண்ணி, மூன்றில் ஒரு பெரிய அடி. குதிகால் முதலில் தரையைத் தொடட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும், உங்கள் பாதத்தை அவர் காலுக்கு முன்னால் குறுக்காக வைத்து 'இதைத் தாண்டுங்கள்' என்று சொன்னாலும் வேலை செய்யும்.

தாண்டுவதற்கு ஒன்று கண்ணெதிரே இருந்தால் கால் தானாக எழும், இதுதான் இதிலுள்ள விசித்திரம். தானாக நடக்கும் நடையை ஓட்டும் வழி கெட்டுப்போயிருக்கிறது, ஆனால் கண்ணால் பார்த்துக் குறிவைத்து நடக்கும் வழி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அதனால்தான் சமதரையில் தடுமாறுகிறவர் மாடிப்படியில் மளமளவென்று ஏறுவார், வீட்டாருக்கு 'நடிக்கிறாரோ' என்றுகூடத் தோன்றும். நடிப்பு இல்லை. நெதர்லாந்தில் நைமேகன் நகர மருத்துவர்கள் 2010-ல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். சில அடிகூட ஒழுங்காக நடக்க முடியாத அவர் சைக்கிளில் ஏறியதும் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போனார். புனேயில் பிறந்த வடிவமைப்பாளர் மிலேஹா சோனேஜி, பார்கின்சன் உள்ள தன் உறவினர் படியில் நன்றாக நடப்பதைப் பார்த்துத் தரையில் படி மாதிரி தோன்றும் படத்தை ஒட்டிப் பார்த்தார். அந்த உறவினர் அதன் மேல் நடந்துவிட்டார்.

உங்கள் வீட்டில் அவ்வளவு வேலை வேண்டாம். ஹார்டுவேர் கடையில் ஒரு சுருள் வண்ண டேப் வாங்குங்கள். அப்பா நின்றுவிடும் அந்த வாசலுக்கு இரண்டடி முன்பிருந்து இரண்டடி தாண்டி வரை, நடக்கும் திசைக்குக் குறுக்காக, ஒன்றரை அடிக்கு ஒரு கோடு. தரை வெள்ளை டைல்ஸ் என்றால் டேப் கறுப்பு அல்லது சிவப்பு. கோலமாவு வேண்டாம், வழுக்கும். நான் போகும் ஒரு வீட்டில் அந்த அம்மாள் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, தினமும் துடைத்தபின் மறுபடி போடுகிறார். 'வாசல்ல போடறதை உள்ளயும் போட்டா போச்சு' என்றார். வாசலில் நிலைப்படி உயர்ந்திருந்தால் அதன் விளிம்புக்குப் பளிச்சென்ற பெயின்ட் அடியுங்கள், அதுவே ஒரு கோடு.

தாளமும் இதே வேலையைச் செய்யும். 'டிக் டிக்' என்று தாளம் போடும் மெட்ரோனோம் செயலி போனில் இலவசமாகக் கிடைக்கும், அதை அவருடைய நடைக்குத் தக்க வேகத்தில் வைத்து நடக்கவிடுங்கள், அல்லது அவருக்குப் பிடித்த பாட்டை அவரே முணுமுணுக்கட்டும். திரும்பும்போது ஒரே காலை அச்சாக்கிச் சுழலக் கூடாது, பஸ் திரும்புகிற மாதிரி அகலமாக வளைந்து வர வேண்டும். நடக்கும்போது பேச்சு வேண்டாம், கையில் காபி வேண்டாம். லேண்ட்லைன் மணி அடித்தால் ஓடிப் போய் எடுக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் அந்த போனை எடுத்துவிடுங்கள். மணிச் சத்தத்தில் எழுந்து ஓடி விழுந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

வாக்கர் பற்றிக் கேட்பீர்கள். நான்கு காலையும் தூக்கித் தூக்கி வைக்கும் அலுமினிய வாக்கர் பார்கின்சனுக்குப் பல சமயம் எதிரி. தூக்கி, வைத்து, நடந்து என்று ஒவ்வோர் அடிக்கும் நடை உடைகிறது. சக்கரமும் பிரேக்கும் உள்ளது மேல், ஆனால் ஓட்டமாக முன்னால் சாய்கிறவருக்கு அதுவும் ஆபத்து. யாராவது பிசியோ முன்னிலையில் நடந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

வீட்டுக்குள் எடுத்துப் போட வேண்டியவை, வாங்க வேண்டியவற்றைவிட அதிகம். கால்மிதி எல்லாம் போகட்டும். ஹவாய் செருப்பு போகட்டும், குதிகாலில் வார் உள்ள செருப்பு வரட்டும். தரையை அப்படியே கவ்வும் ரப்பர் அடி இருந்தால் தேய்த்து நடப்பவருக்குத் தடுக்கும், அதையும் பார்த்து வாங்குங்கள். ஆளை விழுங்கும் சோபா ஒரு பொறி. அவருக்கு வேண்டியது கைப்பிடி உள்ள, உயரமான, அசையாத மர நாற்காலி. எழும்போது சொல்லித்தர வேண்டிய வரிசை: நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து வா, பாதத்தை முட்டிக்குப் பின்னால் இழு, மூக்கு கால்விரலுக்கு மேல் வரும்வரை குனி, பிறகு எழு. பெரும்பாலானவர்கள் பின்னால் சாய்ந்தபடியே எழப் பார்த்து 'தொப்'பென்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

படுக்கை. இரவில் புரண்டு படுக்க முடியாததுதான் பல பேரின் பெரிய புலம்பல், ஆனால் யாரும் கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். குழியும் மெத்தையை மாற்றுங்கள். இடுப்பு படும் இடத்தில் ஒரு வழுவழுப்பான பட்டு மாதிரித் துணியை விரித்துத் தைத்துவிட்டால் திரும்புவது பாதி சுலபம். பழைய வேட்டி ஒன்றைக் கயிறாக முறுக்கி, அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, கால்மாட்டில் கட்டிலோடு கட்டுங்கள். முடிச்சு முடிச்சாகப் பிடித்து அவரே எழுந்து உட்காருவார். தொங்கவிட்ட காலோடு ஒரு நிமிடம் உட்கார்ந்த பின்தான் நிற்க வேண்டும். இந்த நோயிலும் இதன் மாத்திரையிலும் எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். படுத்தபடி ஒரு தடவை, நின்றபின் ஒரு தடவை பிபி பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். பிரஷர் மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அதை டாக்டர்தான் முடிவு செய்வார். தூக்கத்தில் கத்துவதும் காலால் உதைப்பதும் இருந்தால் அது கெட்ட கனவோ காற்று கருப்போ அல்ல, இந்த நோயின் ஓர் அங்கம். நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே சிலருக்கு இது தொடங்கிவிடும். கட்டில் தாழ்வாக இருக்கட்டும், பக்கத்தில் கூர்முனை மேசை வேண்டாம்.

குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பதித்த கைப்பிடி, சொரசொரப்பான விரிப்பு. துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுவார்கள், அது கையோடு வந்துவிடும். உள்தாழ்ப்பாள் வேண்டாம். சோப்பை ஒரு பழைய காலுறைக்குள் போட்டுத் தொங்கவிட்டால் கை நழுவாது.

சட்டைப் பொத்தானுக்கு ஒரு தையற்காரர் வேலை: பொத்தானை மேலே அலங்காரத்துக்குத் தைத்துவிட்டு, அடியில் ஒட்டும் வெல்க்ரோ துண்டு. பார்த்தால் சாதாரண சட்டைதான். ஒட்டும் வேட்டியும் ரெடிமேடாகக் கிடைக்கிறது. கணுக்காலுக்கு மேல் நிற்கும் உயரத்தில் கட்டச் சொல்லுங்கள். அம்மாமார்களுக்குச் சேலைக் கொசுவம் பெரிய தடுக்கல், முன்கூட்டியே தைத்த சேலையோ, கால் தட்டாத நைட்டியோ நல்லது. விறைப்பு உள்ள கையை முதலில் சட்டைக்குள் விட்டு, நல்ல கையைக் கடைசியில் விடுவது என்ற ஒரே ஒரு பழக்கம் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

காபிக்கு வருகிறேன். நம் எவர்சில்வர் டம்ளர் இதற்கு மோசமான பாத்திரம். சுடும், வழுக்கும், பிடி கிடையாது. இரண்டு பக்கம் பிடியுள்ள மூடிபோட்ட கப், முக்கால் அளவுக்குக் கீழே. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு குடிக்கட்டும், கை நிதானப்படும். விளிம்பு உயர்ந்த குழித்தட்டு, அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு நகராது. கைப்பிடி தடித்த ஸ்பூன் வேண்டுமானால் சாதாரண ஸ்பூனின் காம்பில் நுரைக்குழாய்த் துண்டைச் செருகினால் போதும். கையால் பிசைந்து சாப்பிடுவதை விடச் சொல்லாதீர்கள், அதுவே விரலுக்குப் பயிற்சி.

ஆனால் ஒன்றை உடனே நிறுத்துங்கள்: அண்ணாந்து குடிப்பதை. எச்சில் படாமல் குடிக்க நாம் சின்ன வயதிலிருந்து பழகியிருக்கிறோம், இவர்களுக்கு அது ஆபத்து. தலை பின்னால் போனால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும், விழுங்கும் தசை ஏற்கெனவே மந்தம், தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். பார்கின்சனில் உயிர்போகக் காரணமாகும் நிமோனியா பல சமயம் இந்த வழியில்தான் வருகிறது. தாடை சற்றுத் தாழ்ந்திருக்க, வாய்வைத்துச் சிறு மடக்காகக் குடிக்க வேண்டும். ரசம் சாதம் மாதிரி தண்ணியும் பருக்கையும் கலந்தது எல்லாவற்றையும்விடக் கடினம், குழைய மசித்த சாதம் இறங்கும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் கரகரப்பு இருந்தால் விழுங்குதலைச் சோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். வாயில் எச்சில் ஒழுகுவது அதிகம் சுரப்பதால் அல்ல, விழுங்க மறப்பதால். ஒரு மிட்டாய் வாயில் இருந்தால் விழுங்கும் நினைவு வரும்.

மோப்பமும் போயிருக்கும். டிகாக்ஷன் வாசனை தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் கேஸ் கசிவும் தெரியாது. அவர் தனியாக இருக்கும் நேரத்தில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள்.

குரல் தேய்வதை வீட்டார் முதலில் கவனிப்பார்கள், அவருக்குத் தெரியாது. தான் சத்தமாகத்தான் பேசுகிறோம், உனக்குத்தான் காது கேட்கவில்லை என்று அம்மாவிடம் சண்டைகூட வரும். மூளையில் ஒலியளவைக் கணிக்கும் முள் தப்பியிருக்கிறது. அமெரிக்காவில் லீ சில்வர்மேன் என்ற பெண்மணியின் பெயரில் 1987 முதல் உருவான குரல் பயிற்சி, நான்கு வாரத்தில் 16 அமர்வு. அதன் சாரம் ஒரே சொல்தான், 'சத்தமாக'. வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம், அடுத்த அறையில் உள்ளவருக்குக் கேட்கும்படி பேப்பர் படிக்கட்டும். தலைமையாசிரியராக இருந்தவர் அல்லவா, 'பின்பெஞ்சுக்குக் கேட்கணும் சார்' என்று சொல்லுங்கள், நான் ஓர் ஆசிரியரிடம் அப்படித்தான் வேலை வாங்கினேன். எழுத்தும் சிறுத்துக்கொண்டே போகும், அதற்கும் இதே வைத்தியம்: நான்கு கோடு நோட்டு, தடித்த பேனா, வேண்டுமென்றே பெரிய எழுத்து.

உடற்பயிற்சியைப் பற்றி நான் பேசினால் முடிக்க மாட்டேன், சுருக்கிச் சொல்கிறேன். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், வாரத்தில் ஐந்து நாளாவது, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கும் வேகத்தில். மொட்டை மாடியில் கை வீசி நடை, ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிள், எது பிடிக்கிறதோ அது. சமநிலைக்கு தை சி என்ற சீன உடற்பயிற்சி நல்லது என்று அமெரிக்காவில் ஒரேகனில் நடந்த ஆய்வு 2012-ல் காட்டியது. எங்கள் பக்கம் தை சி ஆசிரியருக்கு எங்கே போவது, யோகாவில் நின்று செய்யும் ஆசனங்களைச் சுவர் ஓரமாகச் செய்யச் சொல்கிறேன். 'மெதுவாகப் பார்த்து' என்று சொல்லிச் சொல்லியே ஆளை உட்காரவைக்கும் குடும்பங்கள்தான் அதிகம். விழுவார் என்ற பயத்தில் உட்காரவைத்தால் கால் இன்னும் பலவீனமாகி, கடைசியில் விழத்தான் செய்வார்.

பூனைக்காலி விதைப் பொடி பற்றி யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். அது கட்டுக்கதை இல்லை. ஆயுர்வேதத்தில் கம்பவாதம் என்று சொல்லும் நடுக்க நோய்க்கு அது பயன்பட்டது. அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-ல் கட்டுரை வெளியிட்டவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும்தான். பார்கின்சனுக்கு லெவோடோபாவைப் பெரிய அளவில் கொடுத்துப் பலன் காட்டியது அதற்கு 30 வருடம் கழித்து, 1967-ல். ஆனால் அதனால்தான் எச்சரிக்கை: மாத்திரையோடு அந்தப் பொடியையும் சேர்த்தால் அளவு தெரியாத இரட்டை மருந்து. உடம்பு தானாக நெளியும், பிபி இறங்கும், சிலருக்கு இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

மாத்திரையின் பக்க விளைவு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்ற பார்கின்சன் மாத்திரைகள் டாக்டர் சீட்டில் இருந்தால் அவருடைய போனையும் கொஞ்சம் கவனியுங்கள். சிலருக்கு அடக்க முடியாத ஆசைகளை அவை கிளப்பும். ஆன்லைன் ரம்மி, தேவையில்லாத சாமான் வாங்கிக் குவிப்பது, சாப்பிட்டுக்கொண்டே இருப்பது. ஒழுக்கமாக வாழ்ந்த மனிதர் என்பதால் வீட்டில் அவமானமாக நினைத்து மூடி மறைப்பார்கள். அது மாத்திரையின் விளைவு, சொன்னால் மாற்றித் தருவார்கள். முகத்தில் உணர்ச்சி காட்டாமல் இருப்பதும் கோபம் அல்ல, முகத் தசையின் விறைப்பு. இதைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். அதே சமயம் மனச்சோர்வும் இந்த நோயோடு சேர்ந்து வரும், அதற்குத் தனி மருந்தும் உண்டு.

காகித வேலை கொஞ்சம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்கின்சனும் இருக்கிறது. மாற்றுத்திறன் சான்று பெற்று யுடிஐடி என்ற அடையாள அட்டை வாங்கலாம், பல சலுகைகளுக்குச் சான்றில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். வருமான வரிக் கழிவு பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். கையெழுத்து சிறுத்துக்கொண்டே போவதால் வங்கியில் புதிய மாதிரிக் கையெழுத்தை இப்போதே கொடுத்து, கணக்கை அம்மாவோடு கூட்டுக் கணக்காக்குங்கள். ஓய்வூதிய ஆயுள் சான்றுக்கு ரேகை பதியாவிட்டால் ஜீவன் பிரமாணில் முக அடையாள வசதி இருக்கிறது, போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவதும் உண்டு.

கடைசியாக, அடுத்த தடவை நியூராலஜிஸ்டிடம் போகும்போது நோட்டோடு உங்கள் போனையும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் அப்பா அந்த வாசலில் நிற்கும் வீடியோ இருக்கட்டும். கால் முதல் தலை வரை தெரியும்படி, ஒரு நிமிடம் போதும், மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நீங்களே பேசிப் பதிவு செய்யுங்கள். ஏனென்றால் டாக்டர் அறையில் அவர் நிமிர்ந்து, கை வீசி, ஜோராக நடப்பார். நீங்கள் சொல்வதை அங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.